ஒரு டம்ளர் குறைகிறது

எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் நடுவில் நான் இருக்க வேண்டும். பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன், அம்மாவுக்கு மச்சாண்டார் முறை. மச்சாண்டார் எதிரில் நின்று பேசுகிற வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது. அதனால் பெரியப்பா வந்தால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அம்மா கதவுக்குப் பின்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பாள். கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம்தான். "பெரியப்பா காபி சாப்பிடுவாங்களான்னு கேளு" என்பாள் அம்மா. அது அவர் காதில் நன்றாகவே விழும். இருந்தாலும் நான் ஒருமுறை சொன்ன பிறகுதான் விழுந்ததாகக் கணக்கு. "சர்க்கரை கம்மியா போடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். பத்து வயதில், பெங்களூர் நீலசந்திராவிலேயே இப்படியொரு உத்தியோகம் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சம்பளம் இல்லை, ஆனால் மரியாதை உண்டு.

எங்கள் தெரு மாரியம்மன் கோயில் கமிட்டிக்குப் பெரியப்பாதான் தலைவர். கோயில் என்றால் ஒரு வேப்பமரம், அதன் அடியில் தகரக் கூரை போட்ட ஒரு அறை, அதற்கு ஒரு கம்பிக்கதவு, அவ்வளவுதான். ஆனால் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் தெருவே தாங்காது. ஹெப்பகோடி, அத்திபெலே என்று எங்கெங்கோ வேலைக்குப் போய்த் தங்கிவிட்ட சொந்தக்காரர்களெல்லாம் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். முன்பெல்லாம் அவரவர் வீட்டுச் சொம்பைக் கொண்டுவந்துதான் கூழ் வாங்குவார்களாம். பெரியப்பா தலைவரானதும் அது அவருக்கு மட்டமாகப் பட்டது. வந்தவர்களைச் சொம்போடு வரிசையில் நிறுத்துவது என்ன மரியாதை என்று, வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் கப்பு வரவழைத்தார். தெரு அசந்துபோனது. குடித்ததும் கப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். கழுவவும் வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம். தூக்கிப் போட்ட இடம் பெரும்பாலும் மோரி. மோரி என்றால் தெருவோரச் சாக்கடை. எங்கள் ஊரில் தமிழ் பேசினாலும் கன்னடம் பேசினாலும் அதற்கு அதுதான் பேர்.

அந்தக் கப்புகள் வந்த வருஷம்தான் தம்பி பிறந்தான். கூழ் ஊற்றிய அன்று அவனுக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. எங்கள் வீடு தெருவைவிட இரண்டு படி பள்ளத்தில் இருக்கும். கட்டும்போது சரியாகத்தான் இருந்ததாம், ரோட்டுக்குத் தார் போட்டுப் போட்டு ரோடு மேலே போய்விட்டது, வீடு கீழேயே நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் பெங்களூர் மழை கொட்டியது. கப்புகள் எல்லாம் மோரியின் வாயில் போய் அடைத்துக்கொண்டன. போக வழியில்லாத தண்ணீர் எங்கள் படியிறங்கி வீட்டுக்குள் வந்தது. தம்பி கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வீறிட்டு அழுத சத்தம் கேட்டு ஓடிவந்து வாரி எடுத்தாள். பாய் மிதந்தது. அவன் உடம்பெல்லாம் கறுப்புத் தண்ணீர், அவன் காலடியில் ஒரு வெள்ளைக் கப்பு குறுக்கும் நெடுக்கும் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தம்பிக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து, ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தான். அம்மாவும் அவனோடேயே கிடந்தாள். திரும்பி வந்தபோது அவன் வாடிய கீரைத்தண்டு போல இருந்தான், அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். மோரியைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் வெளியே வாரிப்போட்ட கப்புகள் குவியலாகக் கிடந்தன. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, என்ன மழை, என்ன மழை என்று வானத்தைக் குறை சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. எனக்கு அன்று வேலையே இல்லை.

ஆனால் அன்றிலிருந்து அம்மா இரண்டு விதத்தில் மாறிப்போனாள். ஒன்று, தம்பியைத் தரையில் விடவே மாட்டாள். தூளி, இல்லையென்றால் கட்டில், அதுவும் இல்லையென்றால் என் இடுப்பு. தவழ வேண்டிய வயதில் அவன் என் இடுப்பில்தான் தவழ்ந்தான். பாண்டி ஆடப் போனாலும் அவன், கடைக்குப் போனாலும் அவன். நோஞ்சானாக வந்தவன் தேறித் தேறி அரிசி மூட்டை மாதிரி ஆகிவிட்டான். புள்ளையைத் தரையில் விட்டால்தானே நடக்கும் என்று தெருப் பெண்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா அதற்கு மட்டும் காது கொடுக்கவில்லை. என் இடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று, எங்கள் வீட்டிலிருந்து ஒரு துரும்பு மோரிக்குப் போகக் கூடாது. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். வெட்டி மிச்சமான துணிகளை ஒட்டுப்போட்டுப் பைகள் தைத்தாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஜாக்கெட்டோடு ஒரு பையும் போனது, வேண்டாம் என்றாலும் போனது. கடையில் பிளாஸ்டிக் கவர் வாங்கக் கூடாது. எண்ணெய்க்குத் தூக்குவாளி, இட்லி மாவுக்குக் குண்டான். பால் பாக்கெட் கவரைக் கழுவிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டாள். என் பாவாடைக்குப் பக்கத்தில் பால் கவர்கள் காற்றில் ஆடும். மூலைக்கடை அண்ணன் கன்னடக்காரர். ஏழு கலர் ஒட்டுப்போட்ட பையை நான் நீட்டும்போதெல்லாம் "சென்னாகிதே" என்பார். நன்றாக இருக்கிறது என்று மெச்சுகிறாரா, கிண்டல் பண்ணுகிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். மானம் போகிறதே என்று அழுதும் பார்த்தேன், பலிக்கவில்லை.

அடுத்த ஆடி வந்தது. வேப்பமரத்தடியில் கமிட்டி கூடியது. இந்த வருஷம் கப்பு இன்னும் பெரிசு, பூப்போட்டது என்று பெரியப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் கூட்டத்துக்கு ஓரத்தில் நிற்பார்கள். அங்கிருந்து அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"கப்பு வேண்டாம், டம்ளர்ல குடுக்கலாம்னு பெரியப்பாகிட்ட சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். கூட்டத்தில் சிரிப்பு. இத்தனை ஜனத்துக்கு டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொன்னார் பெரியப்பா. ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது, எல்லாரும் கொடுத்தால் ஆகிவிடும் என்றாள் அம்மா. யார் கழுவுவது என்றார். நாங்கள் கழுவுகிறோம் என்றாள். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தானே வருகிறது என்றார். டிரம்மில் பிடித்து வைக்கிறோம், கழுவிய தண்ணீர் வேப்பமரத்துக்குப் போகட்டும் என்றாள். நான் அங்கும் இங்கும் ஓடி ஓடி மூச்சு வாங்கினேன். இடுப்பில் தம்பி வேறு. பெண்களிலேயே பாதிப் பேருக்கு இஷ்டமில்லை. எவர்சில்வர் டம்ளர் என்றால் லேசா? சீர்வரிசையில் வந்தது, மொய்யில் வந்தது, பேர் வெட்டியது. கூட்டத்தில் போனால் திரும்பி வருமா என்று முணுமுணுத்தார்கள். வரும், அதற்கு நான் பொறுப்பு என்றாள் அம்மா. தம்பியை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தவர்கள் அவர்கள். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராகச் சரி என்றார்கள்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒரே ஒரு டம்ளர் குறைஞ்சாலும் சரி, அடுத்த வருஷத்துல இருந்து கப்புதான். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே உங்கம்மா எடுக்கக் கூடாது. சம்மதமான்னு கேளு" என்றார்.

நான் அம்மாவிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். இத்தனை முறை ஓடியது போதாதா என்று ஒரு வீம்பு. அங்கேயே நின்று, "சம்மதம்" என்றேன். அம்மா வீட்டுக்கு வந்து என் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான், பேச்சை மாற்றவில்லை.

டம்ளர்களைப் பிரித்துக் கொடுப்பதில் கஷ்டமே இருக்காது என்று நாங்கள் நம்பினோம். எல்லாவற்றிலும்தான் பேர் வெட்டியிருக்கிறதே, படித்துப் படித்துக் கொடுத்தால் ஆயிற்று. படிக்கிற பொறுப்பு என்னுடையது. தமிழ் எழுத்து எனக்கு நன்றாக வரும் என்று தெருவுக்கே தெரியும். கூழ் ஊற்றும் ஞாயிறு விடிந்ததும் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் கூடையில் டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். கோடி வீட்டு அக்கா மட்டும் ஒரே ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். நல்ல உயரம், வாய் அகலம், செத்துப்போன அவள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. தெருவிலேயே நீண்ட நாக்கு அவளுக்குத்தான். இதற்கு ஏதாவது ஆனால் அம்மாவை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதாக முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

உச்சிவேளையில் பெரியப்பா குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, கோயிலுக்குள் போய் அம்மனுக்குப் படையல் போட்டார். கற்பூரம் காட்டிவிட்டு வெளியே வந்து கம்பிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு ஜனங்களுக்கு ஊற்ற ஆரம்பித்தார்கள். அடேயப்பா, அன்று மாதிரி நான் எந்த வேலையும் செய்ததில்லை. அப்பாவும் இன்னும் சிலரும் கூழ் ஊற்ற, பெண்கள் மூன்று தொட்டிகளில் புளி போட்டுக் கழுவ, எங்கள் வயசுப் பிள்ளைகள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். டம்ளரோடு தெருமுனையைத் தாண்டப் பார்த்தவர்களை நான் விரட்டிப் பிடித்தேன், அதில் எங்கள் கணக்கு வாத்தியாரும் ஒருவர். முதலில் முகம் சுளித்தவர்கள் கூட இரண்டாவது டம்ளர் கேட்டார்கள். அத்திபெலேயிலிருந்து வந்த சித்தப்பா, எவர்சில்வரில் குடித்தால்தான் கூழ் கூழாக இருக்கிறது என்று பெரியப்பா காதுபடவே சொன்னார். பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். டம்ளர் பத்தாமல் போனால் எடுத்து நீட்டலாம் என்று ஒரு கட்டு கப்பை அவர் கோயிலுக்குள் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தது தெருவுக்கே தெரியும். கடைசிவரை அதற்குத் தேவை வரவில்லை.

கூட்டம் கலைந்தது. பெரிய பாயை விரித்துப் போட்டு நான் பேர் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் வந்தது வினை. டம்ளரில் வெட்டியிருப்பது யாருடைய டம்ளரோ அவர்களுடைய பேர் இல்லை, யார் கொடுத்தார்களோ அவர்களுடைய பேர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர் என்று இந்தத் தெருவில் எல்லாரும் எல்லாருக்கும் டம்ளர் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் தலைவர் என்றால் சும்மாவா? நான் படிக்கப் படிக்கப் பெரியப்பா பேரில் ஒரு மலையே குவிந்துவிட்டது. அவர் அதைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். அது என் டம்ளர், இல்லை என் டம்ளர் என்று பெண்கள் சண்டைக்கு நின்றார்கள். ஒருத்தி கொடுத்த டம்ளர் மூன்றாவது வீட்டுக் கூடையில் எப்படி வந்தது என்று பழைய கதைகள் வேறு கிளம்பின. எனக்கு அழுகை முட்டியது.

அம்மாதான் என்னை எழுப்பிவிட்டு, பேரைப் படிக்காதே என்றாள். அவரவர் வந்து அவரவருடையதை எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். தினமும் தேய்க்கிற கைக்குத் தெரியாதா? இது அடி நசுங்கியது, இது விளிம்பு வளைந்தது, இது என் மகன் கீழே போட்டது என்று ஒவ்வொருத்தியும் தொட்டுத் தொட்டு எடுத்தாள். ஒரு தகராறு இல்லை. பாய் காலியானது. கோடி வீட்டு அக்கா மட்டும் காலிப் பாயின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கப்பாது எங்க?" என்றாள்.

தேடினோம். அண்டாவுக்குள் கைவிட்டுத் துழாவினோம், தொட்டிகளைக் கவிழ்த்தோம், மோரியில் குச்சி விட்டுப் பார்த்தோம். சொந்தக்காரர்கள் பையைக்கூட அம்மா தலைகுனிந்துகொண்டே பார்த்தாள். இல்லை. நாக்கு நீண்டவள் கத்துவாள் என்று பயந்தோம், ஆனால் அவள் தெருவிலேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அம்மா முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டேன். சம்மதம் என்று சொன்ன வாய் என்னுடையது ஆயிற்றே.

அம்மா என் இடுப்பிலிருந்து தம்பியை வாங்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். உதடு அசைந்தது. வேண்டிக்கொள்கிறாளா, சண்டை போடுகிறாளா தெரியவில்லை. திடீரென்று உதடு நின்றது. நானும் கம்பிக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். அம்மன் காலடியில் வாழையிலை, இலைமேல் வேப்பிலைக் கொத்து, கொத்துக்குப் பின்னால் நல்ல உயரமாக, வாய் அகலமாக, நிறையக் கூழோடு அந்த டம்ளர். அதை ஒட்டினாற்போலவே சாக்கு விலகித் தெரிந்தது பெரியப்பாவின் கப்புக் கட்டு.

அம்மா திரும்பி நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. நேராகப் பெரியப்பா முன்னால் போய் நின்றாள். நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றுகொண்டேன். அம்மா என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள்.

"மாமா, அம்மனுக்கு இன்னைக்குப் படையல் போட்டது யாரு?"

கரண்டி கழுவிக்கொண்டிருந்த அப்பா அதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா என்னைத் தேடிப் பார்த்து, "நான்தான்னு சொல்லு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

"கூழை எதுல வெச்சீங்க?"

அவர் முகம் யோசித்தது. யோசித்து முடித்ததும் கட்டியிருந்த கை தானாகப் பிரிந்தது. அவசரத்தில் கைக்கு எட்டியதை எடுத்தேன் என்று என்னிடம் முணுமுணுத்தார்.

"கப்பும் கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்துது, மாமா."

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "சாமிக்கு எப்படிம்மா அதுல வெக்கறது?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

கோடி வீட்டு அக்காதான் முதலில் சிரித்தாள், அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு தெருவே சிரித்தது. பெரியப்பாவும் துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் சிரித்துவிட்டு, இடுப்பிலிருந்த சாவியை உருவி அம்மா கையிலேயே கொடுத்தார். அந்த டம்ளரில் இருந்த கூழை எல்லாருக்கும் ஆளுக்கொரு சொட்டுப் பிரசாதமாகக் கொடுத்தார்கள். எங்கப்பா பேர் அம்மன் முன்னால் இருந்தது என்று கோடி வீட்டு அக்கா அதற்கப்புறம் எத்தனை வருஷம் பெருமை பேசினாள் தெரியுமா? அடுத்த ஆடியில் எல்லா டம்ளருக்கும் முன்னால் அவளுடையது வந்து நின்றது. எங்கள் தெருவில் இன்றைக்கும் கூழ் டம்ளரில்தான். பூப்போட்ட கப்புக் கட்டு பெரியப்பா வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடந்தது. என் உத்தியோகம் மட்டும் அன்றோடு போயிற்று.

அன்றே விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. போன வருஷம் மாதிரியே கொட்டு கொட்டென்று கொட்டியது. ஒருத்தரும் வீட்டுக்குள் போகவில்லை. குடையும் சாக்குமாக எல்லாரும் வாசலில் நின்று மோரியையே பார்த்தார்கள். தண்ணீர் வந்தது, வேகமாக வந்தது, எங்கும் நிற்காமல் தெருமுனை திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் படியை ஒரு சொட்டும் தொடவில்லை. பையன்கள் விசில் அடித்தார்கள். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் நனைந்தபடி, மோரியை அவரே வெட்டிவிட்டவர் போல, "பார், எப்படி ஓடுது பார்" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினார். எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. ஜெயித்தவள் என் அம்மா ஆயிற்றே, அவள் இல்லாமல் என்ன வேடிக்கை என்று உள்ளே ஓடினேன்.

அம்மா கூடத்தில் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் மிதந்த அதே இடம். பாயின் சுருக்கத்தைக் கையால் நீவி நீவி எடுத்தாள். பிறகு தம்பியைக் கட்டிலிலிருந்து தூக்கி, அதன்மேல் நிறுத்தி, இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். அவன் தரையைக் குனிந்து பார்த்தான். உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன். ஒரு காலை எடுத்து வைத்தான், ஆடினான், இன்னொரு காலையும் எடுத்து வைத்து அம்மா மடியில் போய் விழுந்தான்.

வெளியே வா அம்மா, மோரி எப்படி ஓடுகிறது பார், எல்லாரும் உன்னைத்தான் கேட்கிறார்கள் என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ போய்ப் பார் என்றாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். தம்பியைத் திருப்பி மறுபடியும் பாயின் அந்த ஓரத்தில் நிறுத்தினாள். இவ்வளவு பெரிய வெற்றியை விட்டுவிட்டு இவள் பாயில் உட்கார்ந்து என்ன பண்ணுகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது. அப்புறம், நாளையிலிருந்து என் இடுப்பு தப்பித்தது என்று தோன்றியதும் கோபம் போய்விட்டது. மழையில் ஆடுவதற்கு வெளியே ஓடிவிட்டேன்.